விளையாட்டுப் பெட்டியை யார் திறப்பது? - ஒரு 300 வருடக் கதை

சென்னை புத்தகக் கண்காட்சிக்குப் போனவர்கள் கவனித்திருப்பார்கள். புத்தகக் கடைகளுக்கு நடுவே குழந்தைகளுக்கான கல்வி விளையாட்டுப் பொருட்கள் விற்கும் கடை ஒன்றிரண்டு கட்டாயம் இருக்கும். அங்கே நிற்கிற அப்பா அம்மாக்கள் எல்லோரும் ஒரே காரியத்தைத்தான் செய்வார்கள். பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் படிப்பார்கள். வயது, விலை இரண்டையும் பார்த்துவிட்டுக் கடைக்காரரிடம் கேட்பார்கள்: "இதுல புள்ள என்ன கத்துக்கும்?"

பிள்ளை பக்கத்திலேயேதான் நிற்கும். அதை யாரும் கேட்பதில்லை.

இந்தக் கேள்விக்கு வயது 300 வருடத்துக்கும் மேல். அதற்குப் பதில் சொல்லப் போனவர்களில் ஒருவரின் பள்ளிகளுக்கு அரசாங்கம் தடை போட்டது. இன்னொருவர் அடையாறில் ஒரு தோட்டத்துக்குள் முடங்கிக் கிடந்தார். விளையாட்டுப் பொருளில் இவ்வளவு விவகாரமா என்று கேட்டால்... ஆமாம், இவ்வளவு விவகாரம் இருக்கிறது.

1693-ல் இங்கிலாந்தில் ஜான் லாக் என்ற தத்துவஞானி குழந்தைக் கல்வி பற்றி ஒரு புத்தகம் போட்டார். நண்பர் ஒருவரின் மகனை எப்படி வளர்ப்பது என்று எழுதிய கடிதங்களின் தொகுப்பு அது. அந்தக் காலத்தில் எழுத்து கற்றுக்கொடுப்பது என்றால் பிரம்பும் கையில் இருக்கும். லாக் சொன்னது வேறு. தாயக்கட்டை மாதிரி பகடைகளில் எழுத்துகளை ஒட்டிக் கொடுங்கள், குழந்தை உருட்டி விளையாடட்டும், எழுத்து தானாக வரும் என்றார். தனக்குத் தெரிந்த ஒரு பெரிய மனிதர் ஒரு பகடையின் ஆறு பக்கத்திலும் உயிரெழுத்தையும், வேறு மூன்று பகடைகளில் மெய்யெழுத்துகளையும் ஒட்டினார், அவர் வீட்டுப் பிள்ளைகள் ஒரே வீச்சில் யார் அதிக வார்த்தை சேர்க்கிறார்கள் என்று போட்டி போட்டே எழுத்துக்கூட்டப் பழகிவிட்டார்கள் என்று உதாரணமும் கொடுக்கிறார். பல பக்கம் கொண்ட தந்தப் பந்து ஒன்றையும் சொல்கிறார். அந்தப் பந்து எங்கிருந்து வந்தது தெரியுமா? ராயல் ஓக் என்ற லாட்டரிச் சூதாட்டத்தில் இருந்து! சூதாட்டக் கருவியைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டி வந்தவர் லாக்.

அதே புத்தகத்தில் இன்னொரு விஷயம் இருக்கிறது. கடையில் வாங்கும் விலை உயர்ந்த பொம்மையும், வழவழப்பான கூழாங்கல்லும், ஒரு துண்டுக் காகிதமும், அம்மாவின் சாவிக்கொத்தும் சின்னக் குழந்தைக்கு ஒன்றுதான் என்கிறார். பொம்மைகளைக் குவித்துக் கொடுத்தால் குழந்தை எதையும் மதிக்காது, மேலும் மேலும் கேட்கத்தான் பழகும், முடிந்தவரை தானே செய்துகொள்ளட்டும் என்பது அவர் கட்சி. விற்பவர்களுக்குப் பிடித்த பாதி லாக் ஒன்று, பிடிக்காத பாதி லாக் இன்னொன்று. பின்னால் வந்த வியாபாரிகள் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வியாபாரம் என்றதும் வருவது லண்டன். 1759-ல் ஜான் ஜெஃப்ரிஸ் என்பவர் ஐரோப்பா முழுக்கப் பயணம் போகும் ஒரு பலகை விளையாட்டை வெளியிட்டார். வரைபடத்தில் ஊர்களுக்கு எண் போட்டிருக்கும், அந்த வரிசைப்படி காய் நகர்த்த வேண்டும். இந்த மாதிரி விளையாட்டுகளில் பகடைக்குப் பதில் பக்கங்களில் எண் எழுதிய ஒரு குட்டிப் பம்பரத்தைச் சுற்றிவிடுவார்கள். நல்ல குடும்பத்து வீட்டில் பகடை இருந்தால் சூதாட்டம் என்று அக்கம்பக்கம் பேசுமே! லாக் பகடையைக் குழந்தை கையில் கொடுத்து அறுபத்தைந்து வருடம் ஆன பிறகும் அந்தப் பயம் போகவில்லை.

அடுத்தவர் ஜான் ஸ்பில்ஸ்பரி. வரைபடம் செதுக்கும் தொழிலாளி. அரச குடும்பத்துக்கே வரைபடம் போட்டுக் கொடுத்த தாமஸ் ஜெஃப்ரிஸ் என்பவரிடம் தொழில் கற்றவர். 1760-களின் தொடக்கத்தில் லண்டன் ட்ரூரி லேன் பகுதியில் கடை போட்டார். வரைபடத்தை மெல்லிய மகோகனிப் பலகையில் ஒட்டி, நாடுகளின் எல்லைக் கோட்டின் மேலேயே ரம்பத்தால் அறுத்து, துண்டுகளைப் பெட்டியில் போட்டு விற்றார். பூகோளம் படிக்க உதவும் பொருள் என்றே விளம்பரம். இன்று ஜிக்ஸா என்று சொல்லும் விளையாட்டின் மூதாதை இதுதான் என்று பொதுவாகச் சொல்வார்கள். அவருக்கும் முன்பே, 1750-களில், லண்டனில் பெண் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த மேடம் போமோன் என்ற பிரெஞ்சு ஆசிரியை மர வரைபடங்களைப் பயன்படுத்தியிருக்கிறார் என்பது பிற்கால ஆய்வுகளில் தெரிந்தது. (அழகியும் அரக்கனும் கதையைச் சுருக்கி 1756-ல் உலகப் புகழ் பெற வைத்தவரும் இவர்தான்.) வழக்கம் போல யோசனை ஆசிரியையுடையது, பெயர் கடைக்காரருக்கு.

ஸ்பில்ஸ்பரியின் விலைப் பட்டியல்தான் சுவாரசியம். கடல் உள்ள வரைபடம் ஒரு விலை, கடல் இல்லாதது குறைந்த விலை! கடல் என்பது சும்மா நீல நிறப் பலகைதானே. மகோகனி விலை அதிகம், அதனால் கடலை அறுத்து எடுத்துவிட்டால் லாபம். அப்படியும் ஒரு வரைபடம் பத்து ஷில்லிங் அளவில் இருந்தது. லண்டனில் கூலி வேலை செய்பவருக்கு அன்று ஒரு நாளைக்குச் சுமார் இரண்டு ஷில்லிங். ஐந்து நாள் கூலியைக் கொடுத்து எந்தத் தொழிலாளி பிள்ளைக்கு ஐரோப்பாவை வாங்கித் தருவான்? மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பிள்ளைகளுக்குப் பொறுப்பாளராக இருந்த லேடி ஷார்லட் ஃபிஞ்ச் இப்படிப்பட்ட வரைபடங்களை ஒரு அலமாரி நிறைய வைத்திருந்தார். அந்த அலமாரி இன்றும் பாதுகாக்கப்படுகிறது. ஸ்பில்ஸ்பரி 1769-ல் முப்பது வயது வாக்கில் இறந்துவிட்டார்.

இங்கே ஒரு விஷயம். அவருடைய துண்டுகள் இன்றைய ஜிக்ஸா போல ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளாது. பெரும்பாலும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டியதுதான், தும்மினால் ஐரோப்பா சிதறிப் போகும். ஆனால் ஒவ்வொரு துண்டும் ஒரு நாடு. இத்தாலியின் வடிவம் கைக்குத் தெரியும். இன்று அச்சு இயந்திரத்தில் வெட்டி வரும் பல இந்திய வரைபடப் புதிர்களில் வெட்டு மாநில எல்லைகளைப் பற்றிக் கவலைப்படுவதே இல்லை. பாதி ஆந்திரா, கொஞ்சம் ஒரிசா, ஒரு ஓரம் வங்காள விரிகுடா என்று ஒரு துண்டு. பிள்ளை காதையும் குழியையும் பொருத்திப் படத்தை முடித்துவிடும். முடித்ததும் கைதட்டலும் கிடைக்கும். அது கற்றுக்கொண்டது காதையும் குழியையும்தான். பெட்டியின் மேல் இரண்டிலுமே 'பூகோளம்' என்றுதான் எழுதியிருக்கும். 250 வருடத்தில் விலை குறைந்தது, வெட்டும் கெட்டுப் போனது.

1798-ல் மரியா எட்ஜ்வொர்த் என்ற எழுத்தாளரும் அவர் அப்பாவும் சேர்ந்து நடைமுறைக் கல்வி பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதினார்கள். முதல் அத்தியாயத்தின் தலைப்பே பொம்மைகள். அப்பாவுக்கு நான்கு திருமணங்களில் மொத்தம் 22 பிள்ளைகள், ஆகவே அனுபவம் இல்லாமல் எழுதினார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. :-) கண்ணாடி அலமாரியில் வைக்கத்தான் லாயக்கு என்கிற மாதிரி பொம்மைகளை அவர்கள் விளாசுகிறார்கள். பிள்ளை பொம்மையை உடைத்தால் அடிக்காதீர்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் உடைத்தது என்கிறார்கள். அதற்குப் பதில் அட்டை, கத்தரிக்கோல், மரத்துண்டு, சின்னச் சின்னத் தச்சுக் கருவிகள் கொடுக்கச் சொல்கிறார்கள். இந்தப் புத்தகம் நன்றாக விற்றது. கண்ணாடி அலமாரிப் பொம்மைகளும் நன்றாக விற்றன!

இனி ஃப்ரோபெல். ஜெர்மனியில் 1782-ல் பிறந்தவர். பிறந்து ஒன்பது மாதத்தில் அம்மா போய்விட்டார். காட்டிலாகா வேலை, கட்டிடக்கலை, ஆசிரியர் என்று பல தொழில் பார்த்தவர், பெர்லினில் படிகங்களை ஆராயும் பேராசிரியர் வைஸ் என்பவரிடம் உதவியாளராகவும் இருந்தார். நாள் முழுக்கப் படிகங்களைத் தரம் பிரித்து அடுக்கிய மனிதர் பிறகு குழந்தைகளுக்கு என்ன கொடுத்தார் என்று பார்த்தால் ஒன்றும் ஆச்சரியம் இல்லை: உருண்டை, உருளை, கனசதுரம்.

1837-ல் பாட் பிளாங்கன்பர்க் என்ற சிறு ஊரில் தொடங்கிய பள்ளிக்கு 1840-ல் கிண்டர்கார்டன் என்று பெயர் வைத்தார். குழந்தைகளின் தோட்டம். அவர் உருவாக்கிய பொருட்களுக்குப் 'பரிசுகள்' என்று பெயர். முதல் பரிசு ஆறு நிறத்தில் ஆறு கம்பளி நூல் பந்துகள். இரண்டாவது மரத்தாலான உருண்டை, உருளை, கனசதுரம். மூன்றாவது, ஒரு கனசதுரம் எட்டுக் குட்டிக் கனசதுரமாகப் பிரியும். குழந்தை அதைப் பிரித்து நாற்காலி செய்யும், படிக்கட்டு செய்யும், மீண்டும் சேர்த்தால் அதே பெட்டி. பின்னம் என்ற வார்த்தையே சொல்லாமல் பாதி, கால், அரைக்கால் எல்லாம் கையில் வந்து உட்கார்ந்துவிடும். மொத்தச் செலவு சில மரக்கட்டைகள்.

இதில் ஆபத்து எங்கே இருக்கிறது? பிரஷ்ய அரசாங்கத்துக்கு இருந்தது. 1848-ல் ஐரோப்பா முழுக்கப் புரட்சி வெடித்து அடங்கியிருந்த நேரம். பலவகைக் குடும்பத்துப் பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்து, மதப் பாடம் மனப்பாடம் செய்யாமல், தானே கட்டித் தானே பிரித்து விளையாடுகிற இடம் அதிகாரிகள் கண்ணுக்கு நல்லதாகப் படவில்லை. 1851 ஆகஸ்டில் கல்வி அமைச்சர் ஃபான் ராமர் பிரஷ்யாவில் கிண்டர்கார்டன்களுக்குத் தடை போட்டார். நாத்திகம், சோஷலிசம் என்பது குற்றச்சாட்டு. இதில் ஒரு கொடுமை என்னவென்றால், ஃப்ரோபெலின் அண்ணன் மகன் கார்ல் ஃப்ரோபெல் எழுதிய ஒரு பிரசுரத்தையும் இவருடைய கருத்துகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டார்கள். இது வேறு ஆள் என்று விளக்கம் எழுதிப் பார்த்தார். பலிக்கவில்லை. 1852 ஜூனில், தடை நீங்காமலே, ஃப்ரோபெல் காலமானார். 1860-ல்தான் தடையை எடுத்தார்கள்.

ஆனால் தடை போட்டதில் ஒரு பலன். அங்கே வேலை செய்ய முடியாத ஆசிரியைகளும், நாட்டை விட்டுப் போன ஜெர்மானியர்களும் மரக்கட்டைகளை மற்ற நாடுகளுக்கு எடுத்துப் போனார்கள். அமெரிக்காவில் அது ஒரு அச்சக முதலாளி கைக்கு வந்தது. மில்டன் பிராட்லி என்று பெயர். வணிகவியல் மாணவர்களுக்கு இவர் கதை ஒரு நல்ல பாடம். 1860-ல் லிங்கன் தேர்தலில் நின்றபோது அவருடைய தாடி இல்லாத படத்தை அச்சடித்து விற்றார். லிங்கன் தாடி வளர்த்தார், சரக்கு அப்படியே முடங்கியது! கைவசம் இருந்த அச்சு இயந்திரத்தை வைத்து வாழ்க்கையைச் சதுரங்கக் கட்டமாக்கிய ஒரு பலகை விளையாட்டை வெளியிட்டார். ஒரு வருடத்துக்குள் 40 ஆயிரத்துக்கும் மேல் விற்றது. அதில் வந்த காசை எங்கே போட்டார்? 1869-ல் கிண்டர்கார்டன் பற்றி அமெரிக்காவின் முதல் விளக்கப் பாடநூல்களில் ஒன்றை வெளியிட்டார், ஃப்ரோபெல் பரிசுகளைத் தயாரிக்கத் தொடங்கினார். அதில் பல வருடம் லாபம் இல்லை, கூட்டாளிகளுக்கும் பிடிக்கவில்லை. அவர் விடவில்லை. 1876 பிலடெல்பியா கண்காட்சியில் ஒரு தாய் ஃப்ரோபெல் கட்டைகளைப் பார்த்துவிட்டுத் தன் மகனுக்கு வாங்கிக் கொடுத்தார். மகன் பெயர் ஃப்ராங்க் லாய்ட் ரைட். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற கட்டிடக் கலைஞர். அந்த மேப்பிள் மரக்கட்டைகளின் ஞாபகம் கடைசி வரை விரலில் இருந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். (கட்டை வாங்கிய எல்லாப் பிள்ளையும் ரைட் ஆகவில்லை என்பதையும் விளம்பரக்காரர்கள் சொல்ல வேண்டும்.)

விளையாட்டு எதைக் கற்றுக்கொடுக்கிறது என்பது பெட்டியில் எழுதியிருப்பதை வைத்துத் தெரியாது என்பதற்கு 1904 நல்ல சாட்சி. அமெரிக்காவில் எலிசபெத் மேகி என்ற பெண் நிலவுடைமைக்காரர்கள் வாடகையில் எப்படிக் கொழுக்கிறார்கள் என்று காட்ட ஒரு விளையாட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். நிலத்துக்கு மட்டும் வரி போட வேண்டும் என்ற ஹென்றி ஜார்ஜின் கொள்கையைப் பரப்புவது அவர் நோக்கம். அது ஊர் ஊராகப் பரவி உருமாறி மொனாபொலி ஆனது. 1935-ல் பார்க்கர் பிரதர்ஸ் கம்பெனி அவர் உரிமையை 500 டாலருக்கு வாங்கிக்கொண்டது. வாடகை அநியாயம் என்று சொல்ல வந்த விளையாட்டில் இன்று உலகம் முழுக்கப் பிள்ளைகள் எதிராளியை ஓட்டாண்டியாக்கிக் கைகொட்டிச் சிரிக்கிறார்கள். நம் ஊரில் பம்பாயும் கல்கத்தாவும் போட்ட 'பிசினஸ்' அட்டையும் அந்த வம்சம்தான்.

இப்போது அடையாறுக்கு வருவோம்.

மரியா மாண்டிசோரி இத்தாலியில் 1896-ல் டாக்டர் பட்டம் பெற்றவர். மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகளோடு வேலை பார்த்தவர். 1907 ஜனவரியில் ரோம் நகரத்தின் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் குழந்தைகள் இல்லம் ஒன்றைத் தொடங்கினார். அப்பா அம்மா வேலைக்குப் போனபின் படிக்கட்டில் சுவரைக் கிறுக்கிக்கொண்டு திரிந்த பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள கட்டிட முதலாளிகள் கேட்டுக்கொண்டதால் வந்த பள்ளி அது. அங்கே நல்ல மனதுக்காரர்கள் விலை உயர்ந்த பொம்மைகள் கொடுத்திருந்தார்கள். பிள்ளைகள் அதைச் சீண்டவில்லை என்று மாண்டிசோரி எழுதுகிறார். மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மரக்கட்டையில் உள்ள குழிகளில் உருளைகளைப் பொருத்துவதும் எடுப்பதுமாக நாற்பது தடவைக்கு மேல் திரும்பத் திரும்பச் செய்தாளாம். சுற்றி மற்ற பிள்ளைகளைப் பாட வைத்தும், நாற்காலியோடு தூக்கி மேஜை மேல் வைத்தும் பார்த்தார்கள், அவள் நிறுத்தவில்லை. தானாக நிறுத்தியபோது தூங்கி எழுந்த மாதிரி சிரித்தாளாம்.

அந்த உருளைகளைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பத்து உருளை, பத்துக் குழி. ஒன்றைத் தப்பான குழியில் போட்டால் கடைசியில் ஒரு உருளை நுழையாமல் நிற்கும். தப்பு என்று டீச்சர் சொல்ல வேண்டியதில்லை, கட்டையே சொல்லிவிடும். அவருடைய இளஞ்சிவப்புக் கோபுரமும் அப்படித்தான். ஒரு சென்டிமீட்டரில் தொடங்கிப் பத்து சென்டிமீட்டர் வரை பத்துக் கனசதுரங்கள். எல்லாம் ஒரே நிறம், ஒரே மரம். அளவு மட்டும் மாறும். இன்று கடையில் கிடைக்கிற அடுக்கு விளையாட்டை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஒரு நிறம், மேலே ஒரு மிருகப் படம், சிலதில் அழுத்தினால் பாட்டு. பிள்ளை எதைப் பார்த்து அடுக்கும்? அளவைப் பார்க்காமல் நிற வரிசையை மனப்பாடம் செய்தே அடுக்கி முடித்துவிடும். அலங்காரம் கூடக் கூடப் பாடம் ஒளிந்துகொள்ளும். வாங்குபவர் கண்ணுக்குத்தான் அலங்காரம் தேவை.

முசோலினி முதலில் மாண்டிசோரியை ஆதரித்தார், பிறகு 1930-களின் நடுவில் பகையானார், இத்தாலியில் அவர் பள்ளிகள் மூடப்பட்டன. ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சியிலும் அதே கதிதான். சர்வாதிகாரிகளுக்கும் மரக்கட்டைக்கும் ஏனோ ஆவதில்லை. 1939-ல், 69 வயதில், தியசாபிகல் சொசைட்டித் தலைவர் அருண்டேலும் அவர் மனைவி ருக்மிணி தேவியும் அழைத்ததன் பேரில் மகன் மரியோவுடன் சென்னைக்கு வந்தார். அடையாறில் ஓலைக் கொட்டகை போட்டுப் பயிற்சி வகுப்பு நடந்தது. இந்தியாவின் பல மூலைகளில் இருந்து சுமார் 300 பேர் வந்து சேர்ந்தார்கள். அவர் இத்தாலிய மொழியில் பேசுவார், மரியோ ஆங்கிலத்தில் சொல்வார்.

சில மாதங்கள் தங்கிப் போகலாம் என்று வந்தவர். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியது. இத்தாலியர்கள் எல்லோரும் பிரிட்டிஷாருக்கு எதிரிகள் ஆனார்கள். மரியோவை அகமதுநகர் முகாமில் அடைத்தார்கள். மாண்டிசோரியை சொசைட்டி வளாகத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்றார்கள். அந்த ஆகஸ்ட் 31 அவருக்கு 70-வது பிறந்தநாள். அதற்குப் பரிசு போல மகனை விடுவித்தது அரசாங்கம். போர் முடியும் வரை இந்தியாவிலேயே இருந்தார். வெயில் தாங்காமல் கொடைக்கானல் போய் 1942 முதல் 1944 வரை தங்கினார். ஆறு வயதுக்கு மேற்பட்ட, அதாவது ஆரம்பப் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கான அவருடைய பாடமுறை பெரும்பாலும் அங்கேதான் உருவானது. 1946-ல் ஐரோப்பா திரும்பினார்.

இவ்வளவும் பெருமையான கதை. ஆனால் மாண்டிசோரி என்ற பெயர் நம் ஊரில் இன்று யாருக்கு ஞாபகம் வருகிறது? நுழைவு ஃபீஸ் கட்டி எல்.கே.ஜி. சேர்க்கிற குடும்பங்களுக்கு. தொழிலாளர் குடியிருப்பில் படிக்கட்டுப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது அதிக விலைச் சரக்காகிவிட்டது. இதை அப்போதே யோசித்தவர் குஜராத்தின் கிஜுபாய் பதேகா. வக்கீல் தொழிலை விட்டு 1920-ல் பாவ்நகரில் பால மந்திர் தொடங்கியவர். மாண்டிசோரி முறையை எடுத்துக்கொண்டு, உள்ளூரில் கிடைக்கிற பொருளையும் நாட்டுப்புறக் கதையையும் விளையாட்டையும் அதில் சேர்த்தார். அவர் எழுதிய பகல் கனவு தமிழிலும் வந்திருக்கிறது. நான்காம் வகுப்பில் விளையாட்டோடு பாடம் நடத்தப் போகும் ஒரு ஆசிரியரின் கற்பனைக் கதை. பிள்ளைகளை விட சக ஆசிரியர்கள்தான் அவருக்குப் பெரிய சோதனை!

அரசாங்கப் பள்ளிகளின் கதை தனி. 1986 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு 1987-ல் மத்திய அரசு கரும்பலகைத் திட்டம் கொண்டு வந்தது. ஒவ்வொரு ஆரம்பப் பள்ளிக்கும் இரண்டு அறை, இரண்டு ஆசிரியர், அத்தோடு கற்பிக்கும் பொருட்கள், விளையாட்டுப் பொருட்கள். காகிதத்தில் அருமை. பல பள்ளிகளில் பொருட்கள் வந்து இறங்கின, தலைமை ஆசிரியர் அறை பீரோவுக்குள் போயின, பூட்டு விழுந்தது. ஆசிரியர்களைத் திட்டுவது சுலபம். ஆனால் இருப்புப் பதிவேட்டில் எழுதிய பொருள் உடைந்தாலோ தொலைந்தாலோ தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். உடையாத பொருள் பத்திரமான பொருள். பிள்ளை கைபடாத பொருள் உடையாது. கணக்கியல் படித்தவர்களுக்குத் தெரியும்: நிலையான சொத்து என்று எழுதியதைத் தேய்ந்து போக விடலாம், அதற்குத்தான் தேய்மானம் என்று ஒரு கணக்கே இருக்கிறது. விளையாட்டுப் பொருளுக்கு அந்த ஏற்பாட்டைப் பள்ளிக்கூடத்தில் யாரும் யோசிக்கவில்லை.

பீரோ திறந்தது 2003-ல் என்று சொல்லலாம். சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார், ரிஷிவேலிப் பள்ளியின் கிராமக் கல்வி மையம் உருவாக்கிய அட்டை முறையைப் பார்த்து, 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். 2007-ல் அது தமிழ்நாடு முழுக்கப் போனது. பாடங்கள் சின்னச் சின்ன அட்டைகளாக மாறின. மணிச்சரம், அட்டை, விளையாட்டு எல்லாம் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் தட்டில் இருந்தன. கரும்பலகையே தரையில் உட்கார்ந்து எழுதும் உயரத்துக்கு இறங்கியது. எந்தப் படியில் நிற்கிறோம் என்று கற்றல் ஏணியைப் பார்த்துப் பிள்ளையே அடுத்த அட்டையை எடுக்கும். குறைகளும் பேசப்பட்டன. ஒரே ஆசிரியர் பல வகுப்புப் பிள்ளைகளை ஒரே நேரத்தில் பார்ப்பது பெரும்பாடு, கிழிந்த அட்டைக்கு மாற்று வந்து சேர நாளாகும், சில இடங்களில் ஏணியில் டிக் போடுவதே வேலையாகிவிட்டது. அதெல்லாம் நியாயமான குறைகள்தான். ஆனால் பொருளைப் பிள்ளை தானே போய் எடுக்கலாம் என்பதை இவ்வளவு பெரிய அளவில் செய்து பார்த்தது சாதாரண விஷயம் இல்லை. 2022-ல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோதும் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலையைப் பார்த்துப் பிரிக்கிற வழக்கம் தொடர்ந்தது.

காசே இல்லாதவர்களுக்கு ஒருவர் இருக்கிறார். அரவிந்த் குப்தா, கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த இன்ஜினியர். 1978-ல் மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்துக்குப் போனபோது வாரச் சந்தையில் சைக்கிள் வால்வு டியூப் கண்ணில் பட்டது. சின்னத் துண்டாக வெட்டி இரண்டு பக்கமும் தீக்குச்சியைச் செருகினார். மூன்று குச்சியில் முக்கோணம் செய்து அமுக்கினால் அசையாது. நான்கு குச்சியில் சதுரம் செய்து அமுக்கினால் சாய்ந்து விழும். பாலத்திலும் கூரையிலும் ஏன் முக்கோணம் இருக்கிறது என்று அதற்குப் பிறகு சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. சிவகாசியும் சைக்கிள் கடையும் உள்ள நாட்டில் இதற்கு என்ன விலை இருக்க முடியும்? 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

கடைசியாக ஒரு பரிசோதனை. அமெரிக்காவில் ராபர்ட் சீக்ளர், கீதா ராமானி என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 2008-ல் வெளியிட்டது. ஏழைக் குடும்பத்துச் சின்னக் குழந்தைகள், பெரும்பாலும் நான்கு ஐந்து வயது. ஒரு குழுவுக்கு 1 முதல் 10 வரை எண் போட்ட நேர்கோட்டு அட்டை. மற்றக் குழுவுக்கு அதே அட்டை, எண்ணுக்குப் பதில் நிறங்கள். இரண்டு வாரத்தில் நான்கு தடவை, தடவைக்குச் சுமார் 15 நிமிடம். மொத்தமே ஒரு மணி நேரம்! எண் அட்டையில் விளையாடியவர்களுக்கு எண்களின் அளவு பற்றிய அறிவு நன்றாகக் கூடியது. நிற அட்டைக்காரர்களுக்குக் கூடவில்லை. வெளியில் இருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே விளையாட்டு, இரண்டு குழுவும் ஒரே மாதிரி சந்தோஷமாக விளையாடியது. இன்னொரு ஆய்வில் அட்டையை வட்டமாக்கிப் பார்த்தார்கள், நேர்கோடு தந்த பலன் வட்டத்தில் கிடைக்கவில்லை.

இதைப் படித்தால் நம் பரமபதம் ஞாபகத்துக்கு வரும். வைகுண்ட ஏகாதசிக்குக் கண்விழித்து ஆடியது, பாம்புக்கும் ஏணிக்கும் பாவ புண்ணியப் பெயர் போட்டது. 19-ம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்து போய்ப் பெயர்களை உதிர்த்துவிட்டு, 1 முதல் 100 வரை கட்டம் போட்ட பாம்பும் ஏணியுமாகத் திரும்பி வந்தது. எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும், விலையும் கையைக் கடிக்காது. வரிசைக்கு வரிசை திசை திரும்புவது சின்னப் பிள்ளைகளைக் கொஞ்சம் குழப்பும், அது ஒரு குறைதான்.

சீக்ளரும் எலிடா லாஸ்கியும் 2014-ல் இதே போல 100 வரை எண் உள்ள அட்டையில் இன்னொன்றையும் கண்டுபிடித்தார்கள். நான்கு விழுந்தால் பிள்ளைகள் வழக்கமாக "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று எண்ணிக் காயை நகர்த்தும். அப்படி எண்ணியவர்களுக்குப் பெரிய பலன் இல்லை. நிற்கிற கட்டத்தில் இருந்து தொடர்ந்து எண்ணியவர்களுக்குத்தான் பலன். அட்டை அதேதான், பக்கத்தில் உட்கார்ந்து விளையாடுகிற பெரியவர் சொல்லிக்கொடுப்பதில்தான் வித்தியாசம். காய் 23-ல் இருக்கிறது, தாயத்தில் நாலு விழுந்திருக்கிறது என்றால், "இருபத்தி நாலு, இருபத்தி அஞ்சு, இருபத்தி ஆறு, இருபத்தி ஏழு."